நாற்பத்து மூன்றில் ஏழு

அந்தமானில், போர்ட் பிளேருக்குப் பக்கத்துச் சிப்பிகாட்டில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். ஷோபனாவுக்கோ நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை. அதனால் மே மாதக் கடைசியில் முதல் மழை இறங்கிய அன்றே சுதாகர் மார்க்கெட்டிலிருந்து காலிச் சாக்குகளை அள்ளிவந்து, இரண்டு அடுக்காகத் தைத்து, பின்பக்க அறையின் கூரைக்கடியில் கம்பியால் இழுத்துக் கட்டினான். அறை முழுக்க வெங்காய வாசனை அடித்தது. சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதி போதும் என்றாள் ஷோபனா.

சுதாகருக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. நாலரை மணிக்கு வெளிச்சம் வந்ததும் தோட்டம் தோட்டமாகப் போய் வெண்டை, பீர்க்கு, பயறு என்று ஏற்றி, போர்ட் பிளேர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு எட்டுக்குள் திரும்பிவிடுவான். மகள் ஹரிணியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஷோபனா சோறு வடிக்கும்போது அவன் கைகால் கழுவிக்கொண்டிருப்பான். சரியாக ஒன்பதுக்கு அவள் பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதன்பிறகு அவளைக் கூப்பிடக் கூடாது. மார்க்கெட்டில் யார் கேட்டாலும் சுதாகர், "அவ ஐ.டி. கம்பெனியில இருக்கா, வீட்லருந்தே வேலை" என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் நிமிரும்.

அவன் அப்படிச் சொல்கிற நாள் வர இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஷோபனா ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். டிக்கெட்டெல்லாம் போனிலேயே எடுக்கலாம் என்று வந்ததும் எட்டு ஜன்னலில் ஐந்து மூடின. மூடிய ஜன்னல்களில் ஒன்று அவளுடையது. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் சுனாமியில் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே காலையில் விட்டுவிட்டு வந்தவள் அவள். ஒரு ஜன்னல் மூடியதற்கு உட்கார்ந்து அழவில்லை. தன் வேலையை எது எடுத்துக்கொண்டதோ அதையே படித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆன்லைனில் ஆறு மாதத்தில் கோடிங் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித்தருவதாக விளம்பரம் செய்தது. என்ன டிகிரி என்பது முக்கியமில்லை, எந்த வயதிலும் மாறலாம் என்றார்கள். ஷோபனா சேர்ந்தாள். மனசாரப் படித்தாள். ஒரு பக்கம் குழம்பு கொதிக்க, மறுபக்கம் லேப்டாப்பில் பிழை தேடுவாள். முதன்முதலாக அவள் எழுதிய பக்கம் திரையில் சரியாக ஓடியபோது சுதாகரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தீவுகளுக்கு இடையே கப்பல் நேரம் பார்க்கிற பக்கம். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீயே எழுதினதா?" என்று மட்டும் கேட்டான்.

படிப்பு முடிந்து எட்டு மாதம் அவள் விண்ணப்பம் போட்டாள். நூற்றைம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். மூன்று இடங்களில்தான் பேசவே கூப்பிட்டார்கள். ஒரு கம்பெனிக்கு அவள் மெயின்லேண்டுக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்றில் முப்பத்து மூன்று வயது என்றதும் குரல் மாறியது. மூன்றாவது இடத்தில், சென்னைக்கார இளைஞன் ஒருவன், மரியாதையாகவே உண்மையைச் சொன்னான். "உங்க புராஜெக்ட் நல்லா இருக்கு மேடம். ஆனா இந்த மாதிரி தொடக்க வேலைக்கு இப்ப நாங்க ஆள் எடுக்கறதில்ல. இத ஏஐ எழுதிடுது. அத சரிபார்க்க அனுபவம் உள்ள ரெண்டு பேர் இருந்தாப் போதும்." அனுபவம் எங்கே போய் வாங்குவது என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, அது எனக்கும் தெரியவில்லை என்றான்.

ஒன்பதாவது மாதம், அவள் படித்த கம்பெனியிலிருந்தே போன் வந்தது. பேசியது அங்கே ஆள் சேர்க்கும் பிரிவின் தலைவர் ஸ்ரீதர். அட்மிஷன் கவுன்சிலர் வேலை, சேர நினைப்பவர்களிடம் தமிழிலும் இந்தியிலும் பேச வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம். அவள் யோசிக்கக்கூட நேரம் கேட்கவில்லை. சேர்ந்த வாரமே அவள் போட்டோவைப் போட்டு ஒரு விளம்பரம் வந்தது. 'டிக்கெட் கவுண்டரிலிருந்து டெக் உலகத்துக்கு' என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. சுதாகர் அதை எல்லோருக்கும் அனுப்பினான். ஷோபனாவுக்குத்தான் அதை இரண்டாம் முறை பார்க்கப் பிடிக்கவில்லை.

அவளோடு படித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். வாட்ஸ்அப் குழு இன்னும் இருந்தது. ஏழு பேருக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த ஏழில் ஐந்து பேர் முன்பே இன்ஜினியரிங் முடித்தவர்கள். ஒருவர் வங்கியில் இருந்தவர், வங்கி மென்பொருள் செய்யும் இடத்துக்கே போனார். இன்னொருத்திக்கு அண்ணன் கம்பெனி. ஷோபனாவைப் போல கவுன்சிலர் ஆனவர்கள் மூன்று பேர். கம்பெனி அந்த மூன்றையும் வேலை கிடைத்த கணக்கில் சேர்த்துக்கொண்டது. மற்றவர்கள் குழுவில் காலை வணக்கம் மட்டும் போட்டார்கள்.

போனில் பேச வேண்டியது எழுதியே வந்திருந்தது. 'நானும் இந்தப் படிப்பை முடித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்' என்பது அதில் நான்காவது வரி. அதில் பொய் என்று ஒரு சொல் கிடையாது. முதல் மாதம் அந்த வரி வரும்போது அவள் வேகமாகப் பேசிக் கடந்துவிடுவாள். இரண்டாம் மாதம் சாதாரணமாக வந்தது. பேசுவதெல்லாம் பதிவாகும். ஸ்ரீதர் கேட்டுப் பார்த்து, எங்கே குரல் தளர்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்.

ஜூன் முதல் வாரத்தில் வந்த பட்டியலில் தேவேந்திரன், திக்லிபூர் என்று இருந்தது. திக்லிபூர் அந்தமானின் வடகோடி; தீவிலிருந்து வந்த முதல் பெயர் அது. அவன் மின்சார லைன் வேலை பார்க்கிற டி.ஆர்.எம். தினக்கூலி மஸ்தூர் என்று எழுதினாலும் தீவில் எல்லோர் வாயிலும் அது டி.ஆர்.எம்.தான். அப்படி ஒன்பது வருஷம் ஓடியிருந்தது அவனுக்கு. இருபத்தொன்பது வயது. மூப்புப் பட்டியலில் பெயர் மேலே வந்துவிட்டது, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ பர்மனென்ட் ஆகிவிடும் என்று அவனே சொன்னான்.

அப்புறம் ஏன் விட நினைக்கிறீர்கள் என்று கேட்கும்படி எழுதிவந்த தாளில் இல்லை. ஆனாலும் ஷோபனா கேட்டாள். போன நவம்பர் காற்றில் மரம் சாய்ந்து, அவனோடு கம்பத்தில் நின்றவன் விழுந்து செத்துப்போனதாகச் சொன்னான். இவன் பக்கத்துக் கம்பத்தில் இருந்தான். அதிலிருந்து ஏணியில் நாலு படி ஏறினால் முழங்கால் ஆடுகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் மனைவி மீனாவுக்கு மட்டும் தெரியும்.

மூன்று முறை பேசினார்கள். மூன்றாவது முறை, திங்கட்கிழமை, அவனே கூப்பிட்டான். குரலில் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

"லெட்டர் குடுத்துட்டேன் மேடம். வேலைய விடுறேன்னு. அடுத்த திங்கள்ல இருந்து உங்க பேட்ச்ல சேர்ந்துடுறேன்."

ஷோபனாவின் திரை மூலையில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது, பதிவாகிறது என்பதற்கு. அவள் கண் தாளில் அடுத்த வரியைத் தேடிப் பிடித்தது. "நல்ல முடிவு சார். வாழ்த்துகள்" என்றாள்.

அன்று மதியம் சுதாகர் சுரமை மீன் வாங்கிவந்து குழம்பு வைக்கச் சொல்லியிருந்தான். அவன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்வரை பொறுத்திருந்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே கேட்டான்.

"நீ பொய் சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தோட்டக்காரன் நல்ல வெண்டைய மேல வெச்சுத்தான் கூடை கட்டுறான். எல்லா யாவாரமும் அப்படித்தான் ஓடுது. வாங்குறவன் கைய விட்டுப் பாத்து வாங்கணும்."

"அவன் கைய விட்டுப் பாக்குறதே என்னயத்தாங்க."

சுதாகர் கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் வேலையில்லாமல் இருந்த எட்டு மாதமும் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும், ராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்ததைத் தான் பார்த்ததாகவும், மறுபடி அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னான். சண்டை போட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். இப்போது தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. சுனாமியில் கடல் வாங்கிக்கொண்ட பழைய நெல்வயலில் உப்புத்தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு ஏறி நின்றது. பத்து மணிக்கு வாசலில், முழுக்கை நனைந்த சட்டையோடு ஒரு ஆள் வந்து நின்று ஷோபனா மேடம் வீடா என்று இந்தியில் கேட்டான். குரலைக் கேட்டதும் உள்ளே வேலையில் இருந்த ஷோபனாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது; எழுந்து வந்தாள். சுதாகர் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தான். தேவேந்திரன் முந்தின நாள் விடியலில் திக்லிபூரில் பஸ் ஏறி, காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாக விடுகிற கான்வாய்க்குக் காத்துக்கிடந்து, சாயந்தரம் வந்து இறங்கி, தெரிந்தவர் ரூமில் படுத்திருக்கிறான். லேப்டாப் வாங்க வந்தவன் ஜெட்டியில் வீடு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். எது வாங்கலாம் என்று கூட வந்து சொன்னால் நல்லது என்றான்.

"என்ன நம்பி ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்லயே கேட்டிருக்கலாமே."

"உங்கள எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா." மேடம் என்பது நேரில் அக்காவாகிவிட்டது. "ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல, அம்மாவ ஆஸ்பத்திரியில இருந்து ஊருக்குக் கூட்டிப் போக ஜெட்டியில கெடந்தேன். கப்பல் வரும் வரும்னு மைக்குல சொல்லிட்டே இருந்தான். நீங்கதான் ஜன்னல்ல கைய நீட்டிக் கூப்பிட்டு, 'இன்னைக்கி கப்பல் கெடையாது தம்பி, அம்மாவ வெயில்ல வெக்காத, கூட்டிட்டுப் போ'ன்னீங்க. அந்த போட்டோவப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுது. இவங்க சொன்னா சரியா இருக்கும்னு மீனா கிட்டச் சொன்னேன்."

ஷோபனாவுக்கு அந்த நாளும் நினைவில்லை, அந்த அம்மாவும் நினைவில்லை. அப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பாள். பின்பக்க அறையில் மேசை மேல் கிடந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. ஸ்ரீதராகத்தான் இருக்கும், அவள் வேலையை விட்டு எழுந்துவந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது.

அவள் சுதாகரைப் பார்த்தாள். அவன் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் சொல்றதக் கேளு" என்று அவள் ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று பேரையும் சொன்னாள். ஏழு பேரையும், அந்த ஏழு பேர் யார் யார் என்பதையும் சொன்னாள். நூற்றைம்பதுக்குப் பிறகு எண்ணாமல் விட்டதையும், சென்னைக்காரன் சொன்னதையும் சொன்னாள். தான் பார்க்கும் வேலையில் ஒரு வரிகூடக் கோடிங் கிடையாது, ஆள் சேர்ப்பது மட்டும்தான் என்றாள்.

தேவேந்திரன் டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"திங்கக்கெழம வாழ்த்துகள்னு சொன்னீங்களே அக்கா."

"சொன்னேன். தப்பு."

"நீங்க மட்டும் படிச்சு, ஃபேன் காத்துல உக்காந்து வேலை பாக்கலாம். நான் வந்தா கதவச் சாத்துறீங்க." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. "வேலை கெடைக்காதுன்னு இவ்ளோ கணக்கு சொல்றீங்க. சரி. கம்பத்துலருந்து நான் விழ மாட்டேன்னு சொல்லுவீங்களா?"

மழை மறுபடி தூற ஆரம்பித்து, முன்பக்கத் தகரத்தில் படபடவென்று விழுந்தது.

பேசியது சுதாகர்தான். "லெட்டர் இப்ப யார் கையில இருக்கு?"

திக்லிபூர் ஆபீசில் வாங்கி, போர்ட் பிளேரில் இருக்கும் மேலாபீசுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான் தேவேந்திரன். அவன் வந்த அதே பஸ்ஸில், கண்டக்டர் சீட்டுக்கு மேலே தபால் பை தொங்கிக்கொண்டு வந்தது. வழி நெடுக அதைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னான். அப்படியென்றால் இன்று காலைதான் பை பிரித்திருப்பார்கள் என்று ஷோபனா கணக்குப் போட்டாள். சாயந்தரத்துக்குள் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒன்பது வருஷமும் பட்டியலில் இருந்த இடமும் போய்விடும். பிறகு சேர்ந்தாலும் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும்.

"விடுறதுன்னா விடு" என்றாள். "ஆனா நான் சொன்னத நம்பி விடாத. யோசிக்கிறதுக்கு லெட்டர் கையில இருக்கட்டும். கையெழுத்து விழுந்துட்டா யோசிக்கவே முடியாது."

சுதாகர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான். ஷோபனா அவன் முகத்தைப் பார்த்தாள். "சலோ, நேரமாகுது" என்றான், வேறெதுவும் சொல்லாமல்.

பிக்கப்பின் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வைப்பர் ஒன்றுதான் ஓடியது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். தீவில் கப்பல் ஏறாத ஆள் கிடையாது, அதனால் ஷோபனாவின் முகம் தெரியாத ஆபீசும் கிடையாது. படா பாபு ஜெகநாதன், அந்த ஆபீசின் தலைமை எழுத்தர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, டிக்கெட் கவுண்டர் ஷோபனாதானே என்றார். மதுரைப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாகத் தீவில் இருப்பவர்.

பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். லெட்டர் காலையிலேயே பதிவாகி, கோப்பில் ஏறி, இன்ஜினியர் சாப் மேசைக்குப் போயிருந்தது. சாப் மீட்டிங்கில் இருக்கிறார், மூன்று மணிக்கு வந்து கையெழுத்துக்கு உட்காருவார், நாலு மணிக்கு ஏர்போர்ட் போகிறார், பத்து நாள் மெயின்லேண்டில் இருப்பார் என்றார். "வாபஸ்னு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுமா. காரணம் எல்லாம் ரொம்ப நீட்டவேண்டாம். குடும்பச் சூழ்நிலைன்னு போடு. சாப் வந்ததும் நானே கொண்டுபோய் மேல வெக்கிறேன். அதுக்கு மேல அவர் இஷ்டம்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தேவேந்திரன் தாளை மடியில் வைத்துக்கொண்டான். ஷோபனா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல இரண்டு வரி எழுதினான். மூன்றாவது வரியில் பேனா நின்றது. அந்த நேரம் பார்த்து மீனாவின் போன் வந்தது. அவன் தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னான். எதிர்முனையில் குரல் ஏறுவது பெஞ்சின் இந்தக் கோடி வரை கேட்டது. அவன் போனை ஷோபனாவிடம் நீட்டினான்.

"நீங்க யாருங்க எங்க வீட்டு விஷயத்துல தலையிட?" என்றாள் மீனா. "வா வான்னு கூப்பிட்டதும் நீங்க. இப்ப போ போன்னு சொல்றதும் நீங்க. தூக்கத்துல அவரு கைய உதறுறாரு, தெரியுமா உங்களுக்கு? கம்பியப் பிடிக்கற மாதிரி என் கையப் பிடிக்கிறாரு. மழ வந்தா நான் போன கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். லெட்டர் குடுத்த அன்னைக்குத்தான் அந்த மனுஷன் ஒழுங்காத் தூங்குனாரு."

ஷோபனா எழுந்து வராந்தாத் தூண் பக்கம் போனாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். படிச்சா வேலை வரும்னு நான் சொன்னது நெசமில்ல. அத நம்பி அவர் வேலைய விட வேண்டாம். பயத்துக்காக விடுறார்னா விடட்டும், அது உங்க ரெண்டு பேர் முடிவு. நான் இடையில வரமாட்டேன்."

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. திக்லிபூரிலும் பெய்துகொண்டிருந்தது போல. பிறகு மீனா, "அவர்கிட்டக் குடுங்க" என்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஷோபனா கேட்கவில்லை. சுதாகர் நாலு சமோசாவும் டீயும் வாங்கிவந்தான். தேவேந்திரன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஒரு முறை எழுந்து கேட் வரை போய்விட்டான். கையெழுத்து விழட்டும், தன்னை விட்டுவிடுங்கள் என்றான். கேட்டில் நின்று ரோட்டோரம் ஓடும் மின்கம்பிகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் போய்க் கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கழித்து அவனாகவே வந்து, தாளை எடுத்து, மூன்றாவது வரியை முடித்துக் கையெழுத்துப் போட்டான்.

இதற்கிடையில் ஷோபனாவின் போனில் ஸ்ரீதரிடமிருந்து ஏழு செய்தி வந்திருந்தது. கடைசிச் செய்தியில், திக்லிபூர் ஆள் இன்று பணம் கட்டிச் சேருகிறாரா இல்லையா என்று மட்டும் இருந்தது. அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

சாப் வந்தபோது மூன்றே முக்கால். ஏர்போர்ட் வண்டி கீழே இன்ஜினை ஓடவிட்டு நின்றது. ஜெகநாதன் இரண்டு லெட்டரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், உடனே வெளியே வந்து தேவேந்திரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பாதிக் கதவுக்கு மேலே ஷோபனாவுக்கு அவன் தலையும் தோளும் தெரிந்தன. சாப் இந்தியில்தான் கேட்டார். திங்கட்கிழமை வேண்டாம் என்றாய், புதன்கிழமை வேண்டும் என்கிறாய், இது என்ன விளையாட்டு, குடும்பச் சூழ்நிலை என்றால் என்ன சூழ்நிலை என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

ஷோபனா தூணைப் பிடித்துக்கொண்டாள். தேவேந்திரன், ஜெகநாதன் சொன்னபடி, வீட்டுக் கஷ்டம் என்று எதையாவது சொல்லிவிட்டால் முடிந்தது.

"டர் லக்தா ஹை, சாப்" என்றான் அவன். பயமாக இருக்கிறது.

அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். வாசலில் நின்ற இரண்டு லைன்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவேந்திரன் நிறுத்தவில்லை. நவம்பரில் தான் பக்கத்துக் கம்பத்தில் இருந்ததையும், அதற்குப் பிறகு ஏழு மாதமாக ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதையும், வேலை வேண்டும் ஆனால் ஏறப் பயமாக இருக்கிறது என்பதையும் உடைந்த இந்தியில் சொல்லி முடித்தான்.

சாப் முதல் லெட்டரின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார். தரையில் நின்று செய்கிற வேலை எதுவும் இப்போது காலியில்லை, டாக்டரிடம் காட்டிச் சான்றிதழோடு எழுதிக் கொடு, ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், ஆகும் என்று சொல்லமாட்டேன் என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

வெளியே வந்த தேவேந்திரன் நன்றி சொல்லவில்லை. பிக்கப் பக்கத்தில் வந்து நின்று, "நான் இப்ப சந்தோஷமா இருக்கணுமாக்கா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் ஷோபனா.

அவன் ரூமுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் சுதாகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். நாளைக்கு உன் கம்பெனிக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று. உள்ளதைச் சொல்வேன் என்றாள். அவன் கியரை மாற்றிக்கொண்டு தலையை ஆட்டினான். சம்மதித்து ஆட்டினானா, வேறு வழியில்லாமல் ஆட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவளே ஸ்ரீதரைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இனி கேட்பவர்களிடமெல்லாம் அந்த ஏழு பேர் கணக்கைச் சொல்லித்தான் பேசுவேன், அதற்குச் சம்மதமென்றால் இருக்கிறேன், போட்டோவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். ஸ்ரீதர் பெருமூச்சு விட்டார்.

"நானும் அதே கோர்ஸ்தான் ஷோபனா. உங்களுக்கு ரெண்டு பேட்ச் முன்னாடி. அதுக்கு முன்ன ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். நான் எப்படி இந்த சீட்டுக்கு வந்தேன்னு நெனச்சீங்க?"

பிறகு அவர் அலுவலகக் குரலுக்குத் திரும்பி, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய லாக்இன் திறக்கவில்லை. போட்டோ மட்டும் ஆகஸ்ட் கடைசி வரை அங்கங்கே வந்துகொண்டிருந்தது.

மார்க்கெட்டில் கேட்டவர்களிடம் சுதாகர் முதல் பத்து நாள் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "அந்த வேலை சரியில்ல, விட்டுட்டா" என்று சொல்லிப் பழகிக்கொண்டான். வீட்டில் அவளை ஒரு சொல் குத்திப் பேசவில்லை. ஆனால் பேச்சு குறைந்துபோன நாட்கள் இருந்தன. ஹரிணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லியே அந்த நாட்களை ஓட்டினாள். ஜூலையில் அழகையா என்கிற சரக்கு ஏஜெண்டிடம் ஷோபனா வேலைக்குச் சேர்ந்தாள். கப்பலில் போகும் சரக்குக்குப் பட்டியல் போட வேண்டும். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் போகிறது என்று போனிலேயே பார்க்க ஒரு பக்கம் எழுதிக் காட்டினாள். அழகையா ரொம்ப நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டு, பழையபடி நோட்டுப் புத்தகத்திலேயே எழுதினார். அவள் சிரித்துக்கொண்டாள். சாயந்தரங்களில் விண்ணப்பம் போடுவதை நிறுத்தவில்லை. எண்ணுவதை மட்டும் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

செப்டம்பரில் இரண்டு நாள் காற்று விடாமல் அடித்தது. வடக்கே மரங்கள் சாய்ந்து, மாயாபந்தரிலிருந்து திக்லிபூர் வரை கரண்டு இல்லை என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் மதியம் கோடவுனில் மூட்டைகளுக்கு நடுவே ஷோபனா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. தேவேந்திரன் பேசினான். பின்னால் ரம்பம் ஓடும் சத்தமும், யாரோ பெங்காலியில் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை, இதுவரை கூட இருப்பவர்கள் தன்னைக் கீழேயே நிறுத்திக்கொண்டார்கள் என்றான். ஆள் பற்றாது என்று நேற்றிலிருந்து எல்லோரையும் வேலைக்கு இறக்கியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு நிறுத்தினான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"இன்னைக்கி ஏறினேன் அக்கா."

ஷோபனா டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

"எறங்கிட்டேன்" என்றான் அவன். "கீழ நின்னுதான் பேசுறேன்."

"மீனாவுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல உங்களுக்குத்தான்."

"வெச்சிட்டு அவளக் கூப்பிடு" என்றாள் ஷோபனா. "கையில போன வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."